ஸ்தமாத்தா அம்மாள் தந்த கட்டில்

பிரேயஸ் துறைமுகம், கிரீஸ், 12 பிப்ரவரி 1923

அன்புள்ள மெல்பொமேனி,

உனக்கும் அத்தைக்கும் என் வணக்கம். அகதி முகாமின் கூடாரக் குளிரில் குழந்தைக்கு இருமல் நின்றதா? நான் நலம்.

போன வாரம் லேசாகக் காய்ச்சல். மூன்று நாள் துறைமுக வேலைக்குப் போகவில்லை, அவ்வளவுதான். அகதிக்கு இடம் தரவேண்டும் என்ற அரசாணைக்காக வேண்டாவெறுப்பாய் என்னைச் சேர்த்துக்கொண்டு, நாமும் கிரேக்கர்தான் என்றாலும் துருக்கியிலிருந்து வந்ததால் "துருக்கி வித்து" என்றே ஏளனமாய்க் கூப்பிடும் வீட்டுக்கார ஸ்தமாத்தா அம்மாள்தான் என்னைத் தரையிலிருந்து எழுப்பித் தன் மகனின் கட்டிலில் கிடத்தினாள். அவன் கிரேக்கப் படையோடு நம் ஸ்மிர்னாப் பக்கம் போருக்கு வந்து திரும்பாதவன். அந்தக் கட்டிலை அவள் யாரையும் தொடவிட்டதில்லை.

"வேண்டாம்மா, உங்க பிள்ளையோடது," என்றேன்.

"வாயை மூடிட்டு சூப்பைக் குடிடா. அங்க அவனுக்கும் யாராவது ஒரு வாய் குடுத்திருப்பாங்கல்ல?"

"எங்க தெருவுக்கு வந்த சிப்பாய்ங்களுக்கெல்லாம் என் பொண்டாட்டி ரொட்டி சுட்டுக் குடுத்தாம்மா."

அம்மாள் அப்படியே உட்கார்ந்து அழுதாள். பிறகு என்னையே திட்டினாள்: "அப்படிப்பட்டவளைக் கூடாரத்துல விட்டுட்டு இங்க என்னடா பண்றே? வரச் சொல்லு!"

வரும்போது கம்பளிக் காலுறை கொண்டு வா. அதற்கு முன் குழந்தையின் பாதத்தை நூலால் அளந்து அனுப்பு. எவ்வளவு வளர்ந்திருக்கிறாள் என்று பார்க்கவேண்டும். கடிதம் கொண்டுபோகும் மாலுமி வாசலில் அவசரப்படுத்துகிறார். நமக்கு வீடு கிடைத்துவிட்டது, வா.

உன்
அனெஸ்டிஸ்