கவிழ்த்த படகின் அடியில்

ஏப்ரல் 11, வெள்ளி

என் முன்னாள் மனைவி டிட்டா போன் செய்தாள். ஆகஸ்டில் எல்லை தாண்டி ஆஸ்திரியாவுக்கு, லின்ஸ் நகருக்குக் குடிபோகிறார்களாம். அவளுடைய புதுத் துணைக்கு அங்கே வேலை. எங்கள் மகள் அனேஷ்காவும் போகிறாள். நான் சம்மதித்துக் கையெழுத்துப் போட வேண்டும், இல்லையென்றால் நீதிமன்றம்.

"கோர்ட்டுக்குப் போனா அவளைத்தான் கேப்பாங்க, போஹுஷ். அம்மாவா அப்பாவான்னு. அவ என்ன சொல்லுவான்னு உனக்கே தெரியும்."

தெரியுமா எனக்கு? ஒன்பது வயதுப் பெண். போன இரண்டு முறையும் வயிற்றுவலி என்று என்னிடம் வரவில்லை. விவாகரத்துக்குப் பிறகு எனக்கு மிச்சம் இருப்பது ஒரு வாரம் விட்டு ஒரு வாரம் வரும் சனி, ஞாயிறுதான். அதுவும் போனால் நான் யாருக்கு அப்பா?

ஏப்ரல் 13, ஞாயிறு

யித்கா அக்கா வந்தாள். கோட்டைக்கூடக் கழற்றாமல் கத்தினாள்.

"டேய், செத்தாலும் கையெழுத்துப் போடாத. பிள்ளை உன்கூட சந்தோஷமா இருக்கான்னு ஜட்ஜுக்குத் தெரியணும். எங்கயாவது கூட்டிட்டுப் போ. நிறைய போட்டோ எடு. சிரிக்கிற மாதிரி!"

சாஸவா ஆற்றங்கரைப் பாதையையும் அவளே தேடிக் கொடுத்தாள். பிள்ளைகளோடு நடக்கிறவர்களுக்காக வழியெல்லாம் பெட்டிகள் ஒளித்து வைத்திருக்கிறார்களாம். போனில் அம்புக்குறி காட்டும், தேடிக் கண்டுபிடிக்க வேண்டும்.

ஏப்ரல் 29

கேட்டால் என்ன சொல்வாள்? கேட்டால் என்ன சொல்வாள்?

மே 3, சனி



காலை ரயிலில் நானும் அனேஷ்காவும் போனோம். ஒளித்து வைத்த முதல் பெட்டி ஒரு மர வேருக்கடியில். அவள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டுதான் குனிந்தாள். உள்ளே பெயர் எழுத ஒரு சுருள் தாள், மாற்றிக்கொள்ளச் சின்னச் சின்ன பொம்மைகள். மூன்றாவது பெட்டிக்கு வரும்போது என் கையிலிருந்த போனைப் பிடுங்கிக்கொண்டு முன்னால் ஓடினாள். "அப்பா, நீ பக்கத்துலயே நிக்குற, உனக்குக் கண்ணே தெரியல!" ஆற்றில் துடுப்புப் போட்டுப் போனவர்கள் "அஹோய்!" என்று கத்தி வணக்கம் சொல்ல, இவளும் கத்தினாள். ரொட்டிக்குள் வைத்த வறுத்த இறைச்சியை மரத்தடியில் தின்றோம். கன்னமெல்லாம் கடுகு விழுது. போனை வாங்கிப் படம் எடுத்தேன். இன்னொன்று. இன்னொன்று.

"எதுக்கு இத்தனை போட்டோ? ஜட்ஜுக்கா?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அங்கேயே வாயை மூடியிருக்க வேண்டும்.

"கேட்டா என்ன சொல்லுவ?" என்றேன்.

எழுந்து பாதையில் ஓடினாள். அடுத்த பெட்டிக்கு ஓடுகிறாள் என்று நினைத்துப் பையைக் கட்டிக்கொண்டு போனேன். வளைவைத் தாண்டினால் ஆள் இல்லை.

கூப்பிட்டேன். கத்தினேன். வாரம் முழுக்கப் பெய்த மழையில் ஆறு கலங்கி வேகமாகப் போய்க்கொண்டிருந்தது. கொஞ்ச தூரத்தில் தடுப்பணை இரைகிறது. அதே பெட்டியைத் தேடி வந்த ஒரு குடும்பம் ஓடி வந்தது. அந்த ஆள் எதுவும் கேட்காமல் அணைப் பக்கம் ஓடினான். அவன் மனைவி என் கையைப் பிடித்து உலுக்கினாள்.

"என்ன கலர் ஜாக்கெட்? சொல்லுங்க! என்ன கலர்?"

எனக்கு நினைவு வரவில்லை. காலையிலிருந்து படம் எடுத்துத் தள்ளியிருக்கிறேன், என் பிள்ளை என்ன நிறம் போட்டிருக்கிறாள் என்று தெரியவில்லை. தண்ணீருக்குள் இறங்கினேன். முழங்கால், இடுப்பு. அந்தப் பெண் "மேல வாங்க, மேல வாங்க" என்று அலறினாள். கடவுளே, லின்ஸுக்குப் போகட்டும், நிலவுக்கே போகட்டும், உயிரோடு இருக்கட்டும் —

கரையேறினால், வாடகைப் படகுகளைக் கவிழ்த்து வைத்திருந்த இடம். கடைசிப் படகின் விளிம்புக்கடியில் ஒரு காலணி நுனி.

தூக்கினேன். சுருண்டு படுத்திருந்தாள். கண் திறந்திருந்தது. மஞ்சள். ஜாக்கெட் மஞ்சள்.

"நான் கூப்பிட்டது கேக்கலையா?"

"கேட்டுச்சு."

"அப்ப ஏம்மா?"

"என்னைக் கண்டுபிடிக்கலைன்னா யாரும் என்கிட்ட கேக்க மாட்டாங்கல்ல."

சேற்றிலேயே உட்கார்ந்துவிட்டேன். அவள் என்னைப் பார்க்காமல் சொன்னாள்: "உன்கூட ஜாலியா இருந்துச்சுன்னு சொன்னா அம்மா பாத்ரூம்ல தண்ணியத் திறந்துவிட்டு அழுறாங்க. லின்ஸ் நல்லாருக்கும்னு சொன்னா நீ சாப்பிடவே மாட்டேங்குற. எனக்கு நெஜமாவே வயிறு வலிக்குதுப்பா."

மே 4, ஞாயிறு

அவளைக் கொண்டுபோய் விட்டேன். அவள் உள்ளே போனதும் டிட்டாவிடம் எல்லாம் சொன்னேன். சண்டைக்கு வருவாள் என்று நினைத்தேன். மாடிப்படியில் அப்படியே உட்கார்ந்தாள்.

"தண்ணி சத்தத்துல கேக்காதுன்னு நெனச்சேன், போஹுஷ்."

நானும் பக்கத்துப் படியில் உட்கார்ந்தேன்.

மே 12, திங்கள்

கையெழுத்துப் போட்டுவிட்டேன். இனி அனேஷ்காவிடம் யாரும் எதையும் கேட்க வேண்டியதில்லை.

அக்கா போனில், "பைத்தியக்காரா, பெத்த பிள்ளையைத் தூக்கிக் குடுத்துட்டியே!" என்றாள். போனை வைத்துவிட்டேன். வேலை முடிந்து காரில் கதவைச் சாத்திக்கொண்டு வாய்விட்டு அழுதேன். ஜன்னலில் மோதி என் சத்தமே எனக்குத் திரும்பி வந்தது. சரியாகத்தான் செய்தேனா? யாராவது சொல்லுங்களேன்.

ஆகஸ்ட் 23, சனி

போய்விட்டார்கள். அவள் கட்டில் விரிப்பை மாற்றக் கை வரவில்லை.

செப்டம்பர் 6

டிட்டா போனை அவளிடம் கொடுத்தாள். பள்ளி பற்றிக் கேட்டேன். "ம்." சாப்பாடு? "ம்." அவ்வளவுதான். இழந்துவிட்டேன்.

செப்டம்பர் 27, சனி

லின்ஸ் ரயில் நிலையம். இருவரும் நடைமேடையில் நின்றிருந்தார்கள். நான் இறங்கி, வழக்கம்போல டிட்டா கிளம்பட்டும் என்று தள்ளியே நின்றேன்.

அனேஷ்கா காத்திருக்கவில்லை. அம்மா கையை விட்டுவிட்டு ஓடி வந்து, டிட்டா பார்த்துக்கொண்டிருக்கும்போதே, கழுத்தைக் கட்டிக்கொண்டு தொங்கினாள். "எவ்ளோ லேட்டுப்பா! அம்மா, இவர் தாடியைப் பாரேன், குத்துது!"

டிட்டா சிரித்தாள். கண் கலங்கியிருந்தது, ஆனால் திரும்பிக்கொள்ளவில்லை.