விடிகாலையில் உதறிய வண்டி

என் அன்பு அத்தானுக்கு,

நம் அம்பாசிடரின் உதறல் நின்றுவிட்டது. முதலில் உங்களிடம்தான் சொல்லத் தோன்றியது. எதிர்வீட்டு மெக்கானிக் அருளப்பன் அண்ணன்தான் காரணத்தைக் கண்டுபிடித்தார். அதைக் கேட்டால் நீங்கள் சந்தோஷப்படுவீர்களா என்றுதான் தெரியவில்லை.

போன மார்கழியில், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு பின்சீட்டில் என் மடியில் சாய்ந்தீர்களே, அந்த விடிகாலையில் வண்டி வாசலிலேயே இரண்டு முறை அணைந்தது. அப்புறம் ஒருவழியாகக் கிளம்பினோம். ஸ்ரீவில்லிபுத்தூர் ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில், மம்சாபுரம் விலக்கைத் தாண்டும்போது உங்கள் கை சில்லிட்டுவிட்டது. பாழாய்ப்போன வண்டி அன்றைக்கு ஏன் அணைந்தது? இந்த ஒரு வருஷமாக நான் கேட்டுக்கொண்டிருந்த கேள்வி இது ஒன்றுதான்.

வண்டியை விற்க மனசு வரவில்லை. டிரைவர் போட்டு வாடகைக்கு விட்டிருக்கிறேன். காலையில் சோக்கை இழுத்துப் பிடித்தாலும் உதறி உதறி அணைந்துவிடும்; சூடேறிவிட்டால் தங்கமான வண்டி. அருளப்பன் அண்ணன் பிளக் மாற்றினார், பாயிண்ட் மாற்றினார், கார்பரேட்டரைக் கழற்றிக் கழுவினார். ஒன்றும் நடக்கவில்லை. நீங்களும், "குளிருக்குப் புள்ள, செத்த நேரம் விடு, சரியாயிரும்" என்றுதானே சொல்லிக்கொண்டிருந்தீர்கள்?

போன வாரம், பனி கொட்டிக்கொண்டிருக்கும்போதே வந்து பானெட்டைத் திறந்தார். என்னை ஸ்டார்ட் பண்ணச் சொல்லிவிட்டு டார்ச்சை அணைத்தார். "தங்கச்சி, ஓடியா, இங்க பாரு!"

பிளக்குகளுக்குக் கரண்டைப் பிரித்து அனுப்புமே, வயர்கள் செருகிய கறுப்பு மூடி, அதன்மேல் நீலப்பொறி ஊர்ந்துகொண்டிருந்தது. எஞ்சினை நிறுத்தி டார்ச் அடித்தால், மூடி முழுக்கச் சந்தனமும் குங்குமமும் அடை அடையாக அப்பியிருக்கிறது. பனி ஈரம் ஏறினால் அதன் வழியாகக் கரண்டு கசியுமாம். எஞ்சின் சூட்டில் காய்ந்துவிட்டால் கசியாதாம். பெட்ரோல் துணியால் அழுத்தித் துடைத்தார். பிறகு சாவியைத் திருகினேன். வண்டி ஒரே அடியில் பிடித்து, ஆடாமல் நின்று ஓடியது.

ஆயுத பூஜைக்கு ஊரே பானெட்டின் மேல் பொட்டு வைக்கும். உள்ளே வைத்தது யார்? அத்தைதான். உங்களைப் பெற்ற தாய். வண்டி வாங்கிய நாளிலிருந்து வெள்ளிக்கிழமை தவறாமல் வைத்திருக்கிறார்.

"மேல வச்சா கழுவுறப்ப போயிருதுல்ல. இது வயரெல்லாம் முடி கணக்கா இருந்துச்சு. இதான் வண்டிக்குத் தலைன்னு நெனச்சேன்" என்றார், சத்தம் கேட்டு வெளியே வந்து நின்றவர். உங்களுக்கு இது தெரியுமா அத்தான்? தெரிந்துதான், அம்மா மனசு நோகும் என்று விட்டுவிட்டீர்களா?

என் வாய் உங்களுக்குத் தெரியும். வந்த ஆத்திரத்தில், நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு வார்த்தை கேட்கத்தான் திரும்பினேன். அத்தை அந்த அழுக்குத் துணியைக் கையில் வாங்கி மோந்து பார்த்துக்கொண்டிருந்தார். முகம் வெளிறிப் போயிருந்தது.

"ஏட்டி, அன்னைக்கும் வண்டி நின்னுச்சா?"

நீங்கள் போன அன்று அவர் மகாராஜபுரத்தில் உங்கள் தங்கை வீட்டில் இருந்தார். வாசலில் நடந்தது எனக்கும், வண்டியை ஓட்டிய அருளப்பன் அண்ணனுக்கும் மட்டும்தான் தெரியும். அண்ணன் தரையைப் பார்த்தார்.

"இல்ல அத்தே. அன்னைக்கு ஒரே அடியில ஸ்டார்ட் ஆயிருச்சு."

"நெசமாவா?"

"ஒங்க அண்ணன் மேல சத்தியமா." என் அப்பா மேல் பொய்ச்சத்தியம் செய்தேன் அத்தான்.

"ஆமாம்மா, நாந்தான ஓட்டுனேன். எங்கயும் நிக்கல" என்றார் அருளப்பன் அண்ணன். அத்தை வாசற்படியில் உட்கார்ந்து அழுதார். நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். எனக்கு அவர்மேல் இருந்த கோபம் எங்கே போனதென்றே தெரியவில்லை.

வண்டி அணையாமல் இருந்திருந்தால் நீங்கள் பிழைத்திருப்பீர்களா? டாக்டரிடம் நான் கேட்கவில்லை. இனியும் கேட்க மாட்டேன். அத்தைக்கு எழுத்துக் கூட்டத் தெரியாது. இதைப் படிக்கிறவர்களே, உங்களுக்குப் புண்ணியமாகப் போகும், அவரிடம் போய்ச் சொல்லிவிடாதீர்கள்.

என் உயிர் உள்ளவரை இந்தப் பேச்சை மாற்ற மாட்டேன் அத்தான், இது உறுதி. ஒருநாள் அத்தை உங்களிடம் வருவார். வந்ததும் முதல் வேலையாக உங்களிடமும் இதைத்தான் கேட்பார். ஒரே அடியில் ஸ்டார்ட் ஆனது என்று சொல்லிவிடுங்கள்.

உங்கள் மாமன் மகள்,
பொன்னுத்தாய்