அரமும் உள்ளங்காலும்

கார்த்திகாவின் அப்பாவுக்கு,

எழுந்ததும் காலைத் தரையில் வைக்காதீர்கள். முதலில் இதைப் படியுங்கள்.

நைட் ஷிப்ட் முடிந்து வந்து குளியலறையில் என்ன செய்தீர்கள் என்று தெரியும். உங்கள் அரம் அங்கேயே கிடந்தது. "காய்ப்பு செத்த தோலுதானே, ராவினா போய்டும். ஃபிட்டருக்கே பாடம் எடுக்கிறியா?" என்று நேற்று கத்தினீர்களே, சர்க்கரை வந்த கால் என்ன இரும்பா?

தூக்கத்திலேயே மருந்து வைத்துத் துணி சுற்றிவிட்டேன். அதுகூட உங்களுக்கு உறைக்கவில்லை.

இட்லி ஹாட்பாக்ஸில். பக்கத்து குவார்ட்டர்ஸ் நர்ஸ் ஷோபனா வந்து பார்ப்பாள். அவளிடமும் வாய் காட்டாதீர்கள். அரத்தையும் ஸ்கூட்டர் சாவியையும் எடுத்துப் போகிறேன். மதியம் லீவு சொல்லிவிட்டு வருவேன், ஆஸ்பத்திரிக்கு ஆட்டோவில் போகலாம். வழியில் என்னோடு பேச வேண்டாம்.

பஞ்சவர்ணம்

பி.கு.: படுக்கப் போகும்போது திரும்பிப் பார்த்து, "குங்குமத்த இன்னாடி தரையெல்லாம் கொட்டி வெச்சிகீறே?" என்று என்னைத் திட்டினீர்கள். குளியலறையிலிருந்து எல்லாவற்றையும் துடைத்துவிட்டேன். கட்டிலடியில் ஒன்றை மட்டும் விட்டிருக்கிறேன். குனிந்து பாருங்கள். ஐந்து விரலும் பதிந்திருக்கிறது.