பதினைந்து சீட்டும் ஒரு நேர்த்தியும்

முருகன் துணை

செவன் ஹில்ஸ்
01.07.2025, செவ்வாய்

அன்பு மகன் லக்சனுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் முருகன் விட்ட வழியில் சுகம், அங்கே உனக்குக் கோடை என்றாலும் இங்கே அடிக்கிற குளிருக்கு அப்பாவின் இடது முழங்கால் மட்டும் தனிக்கதை சொல்கிறது, ரொறன்ரோவில் நீ வேளைக்குச் சாப்பிட்டு வேளைக்குப் படுத்துத் தேகசுகத்தோடு இருக்க வேண்டும் என்று இரண்டு நேரமும் விளக்கேற்றிக் கேட்கிறேன். போனில் கதைத்தால் ஐ நோ அம்மா, ஐ நோ என்று சொல்லி வைத்துவிடுகிறாய், அதனால்தான் எழுதுகிறேன், எழுத்தை இடையில் வெட்ட முடியாது. அப்பா ஒவ்வொரு பக்கமாகப் படம் பிடித்து வட்ஸ்அப்பில் அனுப்புவார், ஓரத்தில் அவருடைய பெருவிரல் விழுந்திருந்தால் குறை நினையாதே.

போன வெள்ளிக்கிழமை, ஆனி பதின்மூன்று, காலை பத்தே கால் மணிக்கு, உனக்கு அது வியாழன் இரவு எட்டே கால், எங்கள் குசினியில் இருந்தவர்களை முதலில் பதிந்து வைக்கிறேன், ஏனென்றால் நான் முருகனுக்கு நேர்த்திக்கடன் வைத்துச் சொன்னதை ஒருவரும் கேட்கவில்லை என்கிறாய். மேசைக்கு இந்தப் பக்கக் கதிரையில் நான். எதிர்க் கதிரையில் பேப்பரோடு அப்பா. அடுப்படியில் பக்கத்து வீட்டு ரஞ்சினி அன்ரி, புளி கேட்டு வந்தவ. பின்வாசலில் ஏணியோடு பாஸ்கர், கூரையில் உள்ள சோலாரைத் திருத்த மெரிலேண்ட்ஸில் இருந்து வந்த தமிழ்நாட்டுப் பிள்ளை. கொம்பியூட்டரில் நீயும் நீ விளையாடுகிற போக்கர் மேசையும். சுவரில் முருகன், வள்ளி, தெய்வானை. மயிலை நான் கணக்கில் சேர்க்கவில்லை.

காசு வைத்து விளையாடுவது சரியா பிழையா என்று கதைக்க நான் இந்தக் கடிதத்தில் வரவில்லை, அதற்கு வேறு கடிதம் இருக்கிறது. மாசி மாதத்தில் ஆஸ்பத்திரி லாப் வேலையை ஐந்து நாளில் இருந்து மூன்று நாளாகக் குறைத்தாய், ஒன்றும் சொல்லவில்லை. வருகிற வெள்ளிக்கிழமை அந்த மூன்று நாளையும் விட்டுவிடப் போவதாகவும், இனி போக்கர்தான் வேலை என்றும், விலகல் கடிதத்தை அடித்து வைத்துவிட்டாய் என்றும் சொன்னாய். அந்த யோசனையோடுதான் நான் அன்று உன் விளையாட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன், நீ கேட்கிற நேரத்தில் வழக்கம்போலக் கும்பிடுவதற்காக.

அந்தக் கையை, அந்த ஒரு ஆட்டத்தில் விழுந்த சீட்டு முழுவதையும், கொப்பியில் எழுதி வைத்திருக்கிறேன். உன்னிடம் சிவப்பு இதயம் போட்ட ஆட்டின் ஒன்பதும் ஆட்டின் எட்டும். நடுவில் விரித்த மூன்று, கிளாவர் ராசா, ஆட்டின் ஏழு, ஆட்டின் ஆறு. வாத்துப் படம் போட்ட ஒருவன் இருநூற்றைம்பது டொலர் வைத்தான், நீயும் சத்தமில்லாமல் அதே இருநூற்றைம்பதை வைத்தாய். நாலாவதாக இஸ்பேட் இரண்டு வந்தது, ஒன்றுக்கும் உதவாதது. நடுவில் தொளாயிரம் சேர்ந்திருக்க, வாத்துக்காரன் தன்னிடம் மிஞ்சிய ஆயிரத்து முந்நூறையும் தள்ளிவிட்டான். ரஞ்சினி அன்ரி, ஐயோ அக்கா, உவன் முழுக்கக் கொட்டிப்போட்டான் எல்லோ என்றா. நீ, அம்மா கும்பிடுங்கோ, கெதியாக் கும்பிடுங்கோ என்றாய். நான் எழும்பி நின்று, எல்லாருக்கும் கேட்க, முருகா, இந்தக் கையில் பிள்ளை வென்றால் அவன் வேலையை விடமாட்டான், அதற்கு நான் பொறுப்பு என்றேன். நீ ஓம் ஓம் அம்மா என்று சொல்லிக்கொண்டே நீயும் ஆயிரத்து முந்நூறு போட பட்டனை அமத்தினாய். கடைசிச் சீட்டாக வந்தது கிளாவர் ஐந்து. நான் சிவப்பு ஆட்டினை நினைத்து உருகிக்கொண்டிருந்தேன், கறுப்பைக் கண்டதும் எல்லாம் போயிற்று என்று கண்ணை மூடிவிட்டேன். பாஸ்கர்தான் ஏணியைக் கைவிட்டு, ஆன்ட்டி, ஸ்ட்ரெயிட் ஆன்ட்டி, அஞ்சு ஆறு ஏழு எட்டு ஒன்பது, ஜெயிச்சாச்சு என்று கத்தினான். ஏணி ரஞ்சினி அன்ரியின் புளிக்கரைசலுக்கு மேல் விழுந்தது. முருகன் என்னைவிட இந்த விளையாட்டை நன்றாக அறிந்தவன் என்று அப்போது விளங்கிக்கொண்டேன்.

அடுத்த நாள் நீ சொன்னது என்ன, அது கடவுள் தந்த வெற்றி இல்லை அம்மா, என்னிடம் பலமான கை, நூற்றில் ஐம்பத்து நான்கு என் பக்கம், ஆகவே நேர்த்தி செல்லாது, மிஞ்சினால் நாற்பத்தாறுக்குத்தான் செல்லும் என்றாய். என் பிள்ளை கணக்கோடு வந்து நிற்கும்போது கணக்கில்லாமல் மறுமொழி சொல்லக்கூடாது. இரண்டு டொலருக்கு ஒரு காட்ஸ் கட்டு வாங்கினேன். சோலாரில் ஏதோ சிவப்பு லைட் மின்னுகிறது என்று பாஸ்கரைத் திரும்பக் கூப்பிட்டு, ஒரு லைட்டும் மின்னவில்லை, உழுந்து வடை கொடுத்து இருத்தி, விபரமாகக் கேட்டேன். ஆட்டின் எது வந்தாலும் ஒரே சாதியில் ஐந்து சேரும், அது மிச்சம் ஒன்பது, ஆட்டின் இல்லாத ஐந்தும் பத்தும் ஆறு, மொத்தம் பதினைந்து சீட்டு உனக்கு உதவும் என்று அவன் விளங்கப்படுத்தினான். பிறகு அப்பாவைக் கலைக்கச் சொல்லி, விரித்த மூன்றுக்குப் பிறகு இரண்டு சீட்டு எடுத்து எடுத்து இருநூறு தரம் பார்த்தேன். நூற்றெட்டுத் தரம் சரி வந்தது. நூற்றெட்டு என்றதும் புல்லரித்து, திரும்ப ஒரு இருநூறு பார்த்தேன், அப்போது நூற்றிநாலு, ஆகவே அதை அற்புதம் என்று எழுதவில்லை. அப்பா, உமக்கு விசரே, என்ர விரல் தேயுது என்று கத்தினார்.

உன் ஐம்பத்து நான்கு சரி மகனே, நான் ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அது இரண்டு சீட்டு வர இருக்கும்போது உள்ள கணக்கு. நான் நேர்த்தி வைத்தது இஸ்பேட் இரண்டு விழுந்த பிறகு, ஒரே ஒரு சீட்டுத்தான் மிச்சம். அப்போது நாற்பத்தாறு சீட்டில் பதினைந்து, நூற்றுக்கு முப்பத்துமூன்று கூட முழுசாக இல்லை. அதையும் அப்பாவின் விரலால் இருநூறு தரம் பார்த்தாயிற்று, அறுபத்தைந்து வந்தது. இரண்டாயிரத்து இருநூறை எடுக்க நீ ஆயிரத்து முந்நூறு போட்டாய், அதற்கு நூற்றில் முப்பத்தேழு தரமாவது சரி வரவேண்டும், உனக்கு வராது. ஆகவே நீ அந்த இடத்தில் விட்டுவிட வேண்டிய கையை வைத்துக்கொண்டு முருகனை வேலை வாங்கியிருக்கிறாய். பாஸ்கர் சொன்னான், ஆன்ட்டி, இவ்வளவு நல்ல கை இருந்தா தம்பி சும்மா கூடவே போயிருக்கக் கூடாது, முதல் மூணு சீட்டு விரிச்சதுமே ஏத்திப் போட்டிருக்கணும், அவன் பயந்து சீட்டைக் கீழ போட்டுட்டா அப்பவே காசு, பயப்படலன்னா ரெண்டு சீட்டு இருக்கு, ரெண்டு வழியில ஜெயிக்கலாம் என்று. நீ அந்த இரண்டு வழியையும் அடைத்துவிட்டு மூன்றாவது வழியாக என்னைக் கூப்பிட்டாய். இதை நீ இனிமேல் விளையாடுவதற்காகச் சொல்லவில்லை, பிழை பிழையாகவே கொப்பியில் கிடக்கக்கூடாது என்பதற்காகச் சொல்கிறேன்.

சரி, உன் முறைப்படியே பங்கு பிரித்தாலும் முருகனின் பங்கு நூற்றுக்கு அறுபத்தேழு. ஐந்து நாள் வேலையில் அது மூன்று நாளும் ஏறக்குறைய மூன்று மணித்தியாலமும். இப்போது போவதைவிடக் கூட. இதைக் கோயிலில் குருக்கள் ஐயாவிடம் காட்டினேன். அவர் முதலில், இதென்ன அம்மா எண்டு சிரித்தார், பிறகு கொப்பியை வாங்கி, அப்ப முதலே கூட்டிப் போட்டிருந்தா வாத்து ஓடியிருக்குமோ என்று கேட்டார், பின்னால் அர்ச்சனைத் தட்டோடு ஒன்பது பேர் நின்றார்கள். கடைசியாக அவர் சொன்னது, சதவீதம் கேக்கிறதெண்டா நேர்த்தி வைக்க முதல் கேட்டிருக்க வேணும், வைச்சாப் பிறகு முழுசுதான். அந்த வாத்துக்காரனுக்கும் ஒரு தாய் இருப்பா, அவவும் எங்காவது மெழுகுதிரி கொளுத்தியிருந்தால் என்ன நியாயம் என்றும் நான் இரண்டு நாள் யோசித்தேன். பிறகு, அவவும் தன் பிள்ளை தோற்று எழும்பி வரட்டும் என்றுதான் கேட்டிருப்பா என்று மனதை ஆற்றிக்கொண்டேன்.

இப்போது ஒன்றை ஒளிக்காமல் எழுதுகிறேன். நான் அன்று ஏன் அப்படி ஒரு நேர்த்தி வைத்தேன் தெரியுமா. நீ தோற்றால் கையில் காசிருக்காது, விலகல் கடிதத்தைக் கொடுக்கத் துணியமாட்டாய். வென்றால் நேர்த்திக்குக் கட்டுப்பட்டுக் கொடுக்கமாட்டாய். எந்தச் சீட்டு விழுந்தாலும் நீ வேலைக்குப் போவாய், எனக்கு அதுதான் வேண்டும். இதைக் கேட்டுவிட்டு பாஸ்கர், ஆன்ட்டி, தம்பி பேசாம உங்க கிட்ட டியூஷன் வரணும் என்றான், எனக்குச் சிரிப்பு வரவில்லை. வென்றுவிட்டும் நீ இல்லை என்று சொல்வாய் என்பது நான் எண்ணாத சீட்டு.

வேலை வேலை என்று நான் நிற்பது சம்பளத்துக்காக என்று நினையாதே. நீ வென்ற கணக்கையும் பார்த்தேன், நான்கு மாதத்தில் நட்டமில்லை, அது உண்மை. ஆனால் ஒரு நாள் நீ லாப்புக்குப் போகாவிட்டால் அங்கே யாரோ ஒருவர் லக்சன் எங்கே என்று கேட்பார். போன மார்கழியில் உனக்குக் காய்ச்சல் வந்தபோது கூட வேலை செய்கிற பிள்ளைதானே வந்து கதவைத் தட்டியது. நீ இருப்பது நிலக்கீழ் அறை, தனிய. அந்த மேசையில் நீ ஒரு நாள் இல்லாவிட்டால் உன் இடத்தில் வேறொருவன் வந்து இருப்பான், அவ்வளவுதான். வாத்துக்காரன் உன்னைத் தேடுவானா? நான் பதினைந்தாயிரம் கிலோமீற்றருக்கு இங்கால் இருந்துகொண்டு எந்தக் கதவைத் தட்டுவேன்?

நீ கடிதத்தைக் கொடுத்தால் முருகன் உன்னை ஒன்றும் செய்யமாட்டான், பயப்படாதே, பொறுப்பு என்று சொன்னது நான். அதற்கு ஈடாகக் கோயில் வெளிவீதியில் ஒவ்வொரு அடிக்கும் விழுந்து கும்பிட்டு அடி அழிப்பதாகக் குருக்களிடம் சொல்லிவிட்டேன். அறுபத்துநாலு வயதில் இதென்ன கூத்து, உம்மை ஆர் தூக்கிறது என்று அப்பா ஏசினார், ஏசிவிட்டுத் தானே கடைக்குப் போய், தரைக்கு ஓடு பதிக்கிறவர்கள் கட்டும் முழங்கால் பட்டி ஒரு சோடி வாங்கி வந்து மேசையில் வைத்தார். இதை உன்னை மடக்க எழுதவில்லை. நடப்பதை எழுதுகிறேன்.

விற்றமின் டி குளிசையை மறவாதே. ரஞ்சினி அன்ரி உன்னைக் கேட்டதாகச் சொல்லச் சொன்னா, புளியைப் பற்றி அவவுக்கு இப்போது கோபமில்லை. எங்கே இருந்தாலும் என்ன செய்தாலும் நீ என் பிள்ளை, எல்லா நலமும் பெற்று நெடுங்காலம் வாழ முருகன் உனக்குத் துணையிருப்பான். வெள்ளிக்கிழமை அந்தக் கடிதத்தைக் கொடுப்பாயா மாட்டாயா என்பதை மட்டும் எழுது, வேறு விளக்கம் வேண்டாம். வியாழனுக்கு முன் பதில் போடு ராசா.

இப்படிக்கு,
உன் அம்மா
வைதேகி