வேட்டித் திரையின் அந்தப் பக்கம்

மதினி, இன்று காலையில் பேத்தி எங்கேயோ பார்த்துக்கொண்டு தேத்தண்ணிக் கோப்பையை இடது கையால் நீட்டினாள். "சோத்தாங்கை என்னாச்சுடி?" என்று அதட்ட வாயெடுத்தவள், உங்கள் நினைப்பு வந்து பேசாமல் வாங்கிக்கொண்டேன்.

வட்டகொடை ஸ்டேஷனில் படப்பெட்டி வந்து இறங்கினால் அன்றைக்குத் தேயிலைத் தோட்டமே, காலையில் வேலைக்குப் பேர் கூப்பிடும் பெரட்டுக்களத்தில் கூடிவிடும். நடுவில் வெள்ளை வேட்டியைக் கட்டி, ஆம்பிளைகளை முன்னாலும் பொம்பளைகளைப் பின்னாலும் உட்காரவைப்பார்கள். படம் இரண்டு பக்கமும் தெரியும். ஒருமுறை வந்த படத்தில் கிணற்றடியில் கதாநாயகி தண்ணீர்ச் செம்பை நீட்டுவாள். அவன் பிடித்த பிறகும் விடமாட்டாள். விரல்கூடப் பட்டிருக்காது. ஆனால் அந்த இரண்டு பேரும் பார்த்துக்கொண்ட பார்வையில் களம் முழுக்க மூச்சடங்கிப் போனது.

மறுநாள் கொழுந்து மலையிலும் அதே பேச்சுதான்.

"என்னா கொழுப்பு அவளுக்கு! தண்ணிய பீச்சாங்கையால குடுக்குறா" என்றாள் பக்கத்து நிரைக்காரி.

"ஆசை முத்துனா கை தெரியுமா?" என்றீர்கள். எல்லாரும் சிரித்தார்கள். நான் சும்மா கிடந்திருக்கலாம்.

"சோத்தாங்கையாலதானே குடுத்தா?" என்றேன்.

நிரைக்காரியின் கை கொழுந்திலேயே நின்றுவிட்டது. "எம் புருஷனும் காலையில இதத்தான் சொன்னாரு. முன்பக்கம் இருந்து பாத்தவங்களுக்கு அப்புடித்தான் தெரிஞ்சிருக்கு, பின்பக்கம் இருந்த நமக்குத்தான் கை மாறிப்போச்சு. நீ எங்கடி இருந்த?"

அம்மா திரும்பிப் பார்த்தாள். முந்தின ராத்திரி ஆம்பிளைகள் பக்கத்து ஓரத்தில், கம்பளியைத் தலையோடு போர்த்திக்கொண்டு, பூண்டுலோயாவிலிருந்து எனக்காக வந்திருந்தவரோடு உட்கார்ந்திருந்தேன். அது உங்களுக்கு மட்டும்தான் தெரியும். வெளியே தெரிந்தால் அடுத்த முகூர்த்தத்திலேயே ராகலை மாமன் மகனுக்குக் கழுத்தை நீட்ட வேண்டியதுதான்.

"நாந்தான் அனுப்புனேன் அத்தை" என்றீர்கள், கொழுந்தைக் கிள்ளிக்கொண்டே. "ஒங்க மகன் கம்பளிய மறந்துட்டுப் போயிட்டாரு. குடுத்துட்டு வான்னேன்."

"அவன் வரட்டும்" என்றாள் அம்மா.

அந்தப் பகல் நகரவே இல்லை. அண்ணன் வேறு மலையில் தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டிக்கொண்டிருந்தார். முன்கூட்டிச் சொல்லிவைக்க வழியில்லை. பொய் என்றாலே ஆகாத மனுஷன் வேறு.

சாயங்காலம் அவர் எங்கள் லயத்து வீட்டுக்குள் காலை வைத்ததுமே அம்மா கேட்டாள்: "நேத்து ஒந்தங்கச்சி ஒனக்குக் கம்பளி கொண்டாந்து குடுத்தாளா?"

அண்ணன் விழித்தார். நீங்கள் தேத்தண்ணியை நீட்டினீர்கள். அவர் கோப்பையைப் பிடித்த பிறகும் நீங்கள் விடவில்லை. அவரையே பார்த்தீர்கள். அவரும் பார்த்தார்.

"குடுத்தாளே" என்றார் அண்ணன்.

அப்புறம்தான் கோப்பையை விட்டீர்கள். அது உங்கள் இடது கை. அதற்குப் பிறகு எத்தனையோ படம் பார்த்துவிட்டேன் மதினி, அப்படி ஒரு ஜோடியை எந்தத் திரையிலும் பார்க்கவில்லை.

பூண்டுலோயாக்காரரையே கட்டிக்கொண்டேன். அண்ணனும் போய்ச்சேர்ந்து, பின்னாலேயே நீங்களும் போய்விட்டீர்கள். பேத்தி யாரை நினைத்துக்கொண்டு கோப்பையை நீட்டினாளோ, நான் கேட்கவில்லை. அவள் அம்மா ஒருநாள் கேட்கத்தான் போகிறாள், எங்கேடி போயிருந்தாய் என்று. "நாந்தான் அனுப்புனேன்" என்று சொல்ல நான் இருக்கிறேன்.