சொல்லாமல் விட்ட சேதி

மே 12, திங்கள்
காலையிலேயே அனல் காற்று. வட்டக்கச்சி கமக்காரர் அமைப்பு மண்டபம். பல்கலைக்கழக விரிவுரையாளர் (இனி வி.) வினாத்தாள் கொண்டுவந்தார். நாற்பது கேள்வி, ஒவ்வொன்றுக்கும் ஒன்று முதல் ஐந்து வரை; ஐந்து என்றால் முழுச் சம்மதம். தாளில் தன்னை நல்லவன் என்பவன் அயலவனிடமும் அப்படி நடப்பானா என்பதே ஆய்வு.

வயல்காரர்களோடு, செய்தி எடுக்கப் போன நானும் தவராசாவும் நிரப்பினோம். 'மற்றவர் முன்னேறினால் மகிழ்வேன்': நான் ஐந்து. தவராசா இரண்டு. எட்டிப் பார்த்தேன்.

தவராசா: "என்ன மச்சான், கொப்பி அடிக்கிறியோ?"

மண்டபமே சிரித்தது. இருபது வருடம் ஒரே ஊர், வெவ்வேறு பத்திரிகை. எங்கே போனாலும் கதிரை அவனுக்குத்தான் இழுத்துப் போடுகிறார்கள்.

வாங்க: சைக்கிள் டியூப், தலையிடிக் குளிசை.

மே 14, புதன்
வி. அழைத்தார். "முடிவு சொல்லுற கூட்டம் வெள்ளியில்லை அண்ணை, நாளைக்குக் காலமை. தவராசா அண்ணையிட்டயும் சொல்லிவிடுங்கோ."

"ஓம், சொல்லுறன்."

சொல்லவில்லை. இரண்டு தடவை கைபேசியை எடுத்து வைத்தேன். அவன் இல்லாமல் ஒரு செய்தி. ஒன்றே ஒன்று.

மனைவி: "முகம் ஏன் ஒரு மாதிரிக் கிடக்கு?" வெயில் என்றேன்.

மே 15, வியாழன்
தவராசா எனக்கு முன்பே அங்கே, கையில் தேத்தண்ணீர். கமக்காரர் யாரோ சொன்னாராம்.

வி. விளக்கினார். பக்கத்து வயல்காரரின் தண்ணீர் முறை நேரம் மாறியதை அவரிடம் சொல்லிவிடும்படி ஒவ்வொருவரையும் கேட்டிருந்தார்கள். சேதி போய்ச் சேர்ந்ததா என்பதே சோதனை. தாளும் நடத்தையும் பெரிதாகப் பொருந்தவில்லை. எல்லாவற்றுக்கும் ஐந்து போட்ட அமைப்புத் தலைவர் மறந்துவிட்டார். எல்லாவற்றுக்கும் ஒன்றே போட்ட பொன்னம்மாக்கா வரம்பால் நடந்துபோய்ச் சொல்லியிருக்கிறார்.

பொன்னம்மாக்கா: "சொல்லாட்டி அவன்ர பயிரெல்லோ காயும்!"

பிறகு வி. என் பக்கம் திரும்பினார். "உங்களையும் சேர்த்தனாங்கள். தவராசா அண்ணைக்குச் சொன்னனீங்களோ?"

நான் வாய் திறக்குமுன் தவராசா: "ஓம் பிள்ளை, இவன்தான் சொன்னவன்."

என் பெயருக்கு நேரே சரி விழுந்தது.

வெளியே கேட்டேன், ஏன் என்று.

"உன்ர முகத்தைப் பாத்தன். விடு மச்சான்."

இந்த நல்ல பெயரையும் அவனே தரவேண்டியிருக்கிறது.

மே 16, வெள்ளி
மூட்டம், மழை இல்லை. செய்தி பாதியில். முடிவின்படி, தாளும் நடத்தையும் பொருந்திய சிலரில் ஒருவன் நான். பிழை. தெரிந்துகொண்டு பிழை எழுதியதில்லை. திருத்தினால் தவராசா பொய் சொன்னது வி.க்குத் தெரியவரும்.

அந்த எண்ணம் இனித்தது. அதற்காகவே திருத்துகிறேனோ என்றுதான் காலை முழுதும் அழைக்கவில்லை.

பதினொரு மணிக்கு அழைத்தேன். "பிள்ளை, எனக்குப் போட்ட சரியை வெட்டுங்கோ. நான் சொல்லேல்லை."

"அப்ப தவராசா அண்ணை..."

"என்னைக் காப்பாத்தச் சொன்னவன்."

பேனாவால் வெட்டும் சத்தம். பிறகு: "எவ்வளவு நல்ல மனுசன், என்ன அண்ணை?"

"ஓம்" என்றேன்.