அப்பா கட்டிப்பிடித்த நோயாளி

உருத்திரபுரம்,
ஞாயிறு.

செட்டிகுளத்து மகாராணி சுதாஜினி அக்காவுக்கு,

நானும் அம்மாவும் சுகம். நீயும் அத்தானும் சுகமென்று நினைக்கிறேன். நினைக்கத்தான் முடியும், எங்கள் எல்லோருடைய போன் இலக்கங்களையும் முடக்கி வைத்திருக்கிறாயே. அதனால்தான் தபால்காரருக்கு வேலை வைத்தேன். என் வழக்கமான பகிடியென்று கிழித்துவிடாதே. சத்தியம் பண்ணி எழுதடா என்று அம்மா பக்கத்தில் நிற்கிறா. சத்தியம்.

பள்ளிக்கூட விஞ்ஞான தினத்தில் நாடகம் போட்டோம். பத்தொன்பதாம் நூற்றாண்டில் கிரேஃப என்றொரு ஜெர்மன் கண் வைத்தியர். இருபத்துச் சொச்ச வயதிலேயே பெர்லினில் கண் ஆஸ்பத்திரி திறந்து, ஏழைகளிடம் காசு வாங்காமல் பார்த்தவர். கண்புரை எடுக்க ஒரு மெல்லிய கத்தியையே புதிதாகச் செய்வித்தார். நாற்பத்திரண்டு வயதில் காசநோய் கொண்டுபோய்விட்டது. அவர் வேஷம் எனக்கு. அவருக்கு நிஜத் தாடி, எனக்குத் தேங்காய்த் தும்பு. நோயாளியாக நெட்டை விஜிதரன்.

நாடகம் முடிந்ததும் அப்பா மேடையேறி, என்ர குஞ்சு, கலக்கிப்போட்டாய் என்று விஜிதரனைக் கட்டிப்பிடித்தார். நெற்றியில் கொஞ்சப் போனவருக்கு அவன் தோள்தான் எட்டியது. அப்போதாவது சந்தேகப்பட்டிருக்கலாம், நான் அவர் நெஞ்சுயரம்தானே. மாமா, நான் விஜி என்று அவன் முனகினான். நான் பக்கத்தில் தும்போடு நின்றேன்.

நான் விடவில்லை. நோயாளிக் கதிரையில் அவரை இருத்தி, இது எத்தனை விரலென்று கேட்டேன். முதல்ல கையைக் கழுவிப்போட்டுக் காட்டடா என்றார். நாடகம் இன்னும் முடியவில்லையென்று சனம் சிரித்தது. பிறகு என் காதுக்குள் மட்டும் சொன்னார்: எல்லாம் பனிப்புகார் மூடின மாதிரிக் கிடக்கு, சொன்னால் டிராக்டரைப் பறிச்சுப்போடுவியள் எண்டு பேசாமல் இருந்தனான்.

வவுனியா ஆஸ்பத்திரியில் காட்டினோம். இரண்டு கண்ணிலும் புரை. ஒரு வருடமாவது இருக்குமாம். வைகாசியில் அங்கே பஸ் நிலையத்தில் நீ கைகாட்டக் காட்ட அப்பா பாராமல் பஸ் ஏறினாரே, உன் கலியாணக் கோபம் இன்னும் ஆறவில்லையென்று கடைசியாகப் போனில் அழுதாயே, திரும்பி வரும்போது அதைச் சொன்னேன். பிள்ளை அங்கை நிண்டவளோ என்றார். மாங்குளம் வரைக்கும் கண்ணைக் கசக்கிக்கொண்டே வந்தார். பிறகு, அண்டைக்கு என்ன நிறம் உடுத்திருந்தவள் என்று கேட்டார். அக்காவையே கேளுங்கோ என்றேன்.

வியாழக்கிழமை வலக்கண்ணில் ஒபரேசன். பயமோ என்றால், வெட்டுறது நீயெண்டால்தான் பயம் என்கிறார். வெள்ளி காலையில் கட்டவிழ்ப்பார்கள். ஆஸ்பத்திரி வாசலில் நான் தாடியில்லாமல் நிற்பேன். அன்றைக்கு உடுத்ததையே உடுத்திக்கொண்டு வந்து, அப்பாவின் கட்டிலுக்கு நேரே நில், அக்கா. நீ ஒன்றும் பேச வேண்டாம். நிறத்தை அவரே பார்த்துச் சொல்லட்டும்.

உன் தம்பி,
தும்புத்தாடி வைத்தியர் நிருஷன்